தறிச் சத்தம் யாருக்குச் சொந்தம்

மேடையில் வாயை வைத்துப் பிழைக்க வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை. நான் ஓய்வுபெற்றதுகூட என் முடிவு அல்ல. முன்பல் இரண்டு விழுந்த பிறகு, குதிரை ஓடும் சத்தம் கொடுத்தால் குழாயில் தண்ணீர் ஒழுகும் சத்தம் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ பொறுப்பானவர் எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றோடு போதும் என்று நானும் பல் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, என் ஐட்டத்த எவனோ எடுத்து இன்டர்நெட்டுல அவன் பக்கத்துல போட்டுட்டான். கேஸ் போடலாமா?" என்று கேட்டார். முகமெல்லாம் கோபம். அந்தக் கோபம் எனக்குப் பழக்கமானது. பல வருஷத்துக்கு முன்னால் அதையே மாட்டிக்கொண்டு ஆரணித் தெருக்களில் திரிந்திருக்கிறேன். எனக்கு அது தொளதொளவென்றுதான் இருந்தது. அவரிடம் அன்றைக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் ஆரணியில் ஒரு மெல்லிசைக் குழுவில் மிமிக்ரி செய்துகொண்டிருந்தேன். பாட்டுக்காரர்கள் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்க்கப்போனால் நானும் ஒரு வாட்ச்மேன்தான். ரயில், குழந்தை அழுகை, பிரஷர் குக்கர் என்று எல்லோரும் செய்வதையே செய்துகொண்டிருந்த என்னை நாலு பேருக்குத் தெரியவைத்தது 'தறி' ஐட்டம். அதற்குப் பிறகு ஊரில் எனக்குப் பெயரே தறிவாய் என்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஐட்டம் பிறந்த கதையும் எனக்குப் பெருமை சேர்ப்பதல்ல. ஒரு நெசவாளர் தெருவில் வாடகைக்கு அறை எடுத்திருந்தேன். நிகழ்ச்சி முடித்து விடியும் நேரத்தில் வந்து படுப்பேன், எழுந்ததும் கிளம்பிவிடுவேன்; பக்கத்து வீட்டில் யார் யார் என்று பார்த்ததே இல்லை. கண் அசரும் நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கைத்தறி தொடங்கும். டக்கு, டொக்கு. டக்கு, டொக்கு. முதல் அடி பலமாகவும் இரண்டாவது கொஞ்சம் மெலிந்தும் விழும். கூடவே ஒரு பெண்மணியின் குரல்.

"காது கேக்குதா இல்லியா?"

டக்கு டொக்கு டக்கு டொக்கு.

"எத்தினி வாட்டி சொல்றது?"

டக்கு டொக்கு டக்கு டொக்கு டக்கு டொக்கு.

"எனக்குன்னு வந்து வாச்சுது பாரு."

அதோடு தறி நின்றுவிடும். ஒரே நிசப்தம்.

நான் படுத்தபடியே புரிந்துகொண்டேன். மனைவி திட்டுகிறார். கணவர் வாயைத் திறக்காமல் தறியாலேயே பதில் சொல்கிறார். திட்டு ஏற ஏற வேகமாக நெய்கிறார், கடைசித் திட்டில் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார். மூன்று வருஷம் தூக்கத்தைக் கெடுத்த சத்தத்தை அப்படியே வாயில் ஏற்றி மேடையில் இறக்கினேன். அந்த நிசப்தம் வரும்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மைக் முன்னால் நிற்பேன். கூட்டம் உருண்டு புரளும். வெம்பாக்கத்தில் ஒருவர் சிரித்து விக்கலெடுத்து, அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாட்டையே நிறுத்தினார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. மற்ற ஊர்களில் ஆண்களும் பெண்களும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். ஆரணியில் மட்டும், நான் தலையைத் தொங்கப்போடுவதற்கு முன்பே பெண்கள் பக்கத்திலிருந்து தனியாக ஒரு சிரிப்பு வரும். என் திறமை எனக்கே தெரியாமல் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு ரசிகர் இருந்தார், தனசேகர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தார். கடை வைப்பதற்கு முன்பிருந்தே எந்த ஊரில் நிகழ்ச்சி என்றாலும் முதல் வரிசையில் மடியில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்தவுடன் நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன். ஒலிப்பதிவுக்கு எதற்கு வயிறு என்று கேட்காதீர்கள். கலைஞன் என்றால் ஒரு முறை இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து அவர் பக்கத்தில் வந்து, "அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்" என்பார். நானோ, "நல்லா இருந்துச்சா? சந்தோஷம்" என்று தோளைத் தட்டிவிட்டு வேனில் ஏறிவிடுவேன். பத்து வருஷம் அவர் அந்த விஷயத்தைச் சொல்ல முயன்றார். பத்து வருஷம் நான் தோளைத் தட்டினேன்.

பிறகு கலர் செல்போன்கள் வந்தன. ஒருநாள் வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், முன் சீட்டுக்காரர் சட்டைப்பையில் என் தறி ஓடியது. "காது கேக்குதா இல்லியா?" அவர் எடுத்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு பையில் அதே தறி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, "அது நான்தாங்க" என்றேன்.

"எது?"

"இப்ப ரிங் ஆச்சே, அது."

"போனா?"

"தறி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தறிக்கெல்லாம் அரை டிக்கெட் கெடயாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனசேகர்தான் பழைய டேப்பிலிருந்து எடுத்து ரிங்டோன் ஆக்கியிருந்தார். அதோடு இன்டர்நெட்டில் எனக்கென்று ஓர் இலவசப் பக்கம் தொடங்கி, என் நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவைத்திருந்தார். யாரோ துபாயிலிருந்து கேட்டுவிட்டுத் தனக்கு ஊர் ஞாபகம் வந்ததாக எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று தனசேகரைத் தங்கமான பிள்ளை என்று நாலு பேரிடம் சொன்னேன். அவர் தங்கமாக இருந்தது சரியாக மூன்று வாரம்.

மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கம்பெனிக்காரர் போன் செய்தார். என் ஐட்டங்களை சிடியாகப் போடுகிறார்களாம், அட்டையில் என் படமாம். அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொண்டேன். பட்டு ஜிப்பா ஸ்டுடியோக்காரருடையது, முதுகில் ஐந்து ஊக்கு குத்தி இறுக்கியிருந்தார். சிடி வரப்போகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. பிறகு ஒப்பந்தம் வந்தது. அதில் இரண்டு விஷயம். இவை முழுக்க என் சொந்தப் படைப்பு, வேறு யாருக்கும் பங்கில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று, இவை வேறு எங்கேயும் இலவசமாகக் கிடைக்கக் கூடாது. "சார், உங்க தறி ஐட்டம் ஊரெல்லாம் ஓசியில ஓடுது. மாசக் கடைசிக்குள்ள கிளீன் பண்ணுங்க. இல்லன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் கம்பெனிக்காரர்.

பதினைந்து வருஷம் இடைவேளையில் நின்றவனுக்கு முதல்முறையாக அட்டையில் இடம் கிடைத்திருக்கிறது. அது கைநழுவுகிறது. காரணம் ஒரு ரசிகன். என் உழைப்பைத் திருடிவிட்டான் என்று கத்தினேன்.

எங்கள் குழுத் தலைவர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் போட்டால் திட்டுவார், மாஸ்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தப் புள்ள வீட்டுக்கு நேர்ல போ. தண்ணி வாங்கிக் குடி. அப்பறம் பேசு" என்றார்.

"மாஸ்டர், இது இன்டர்நெட் விஷயம். உங்களுக்குப் புரியாது."

"இன்டர்நெட்டு எங்கியோ இருந்துட்டுப் போவட்டும். அவன் ஒரு வீட்டுலதான சாப்புட்டுத் தூங்கறான்? அங்க போடா."

போகவில்லை. வக்கீலிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உங்க சொத்து என்னன்னு தெளிவா சொல்லுங்க" என்றார்.

"சத்தங்க."

"எந்தச் சத்தம்?"

செய்துகாட்ட வேண்டியதாயிற்று. டைப் அடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வெளியே ஜீவனாம்சக் கேஸுக்குக் காத்திருந்த கணவனும் மனைவியும் ஒன்றாக எட்டிப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார்கள். வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் போன நோட்டீஸில் இப்படி இருந்தது: 'எனது கட்சிக்காரருக்கு முழு உரிமையுள்ள டக்கு டொக்கு எனும் ஒலியையும், அதனிடையே வரும் மவுனத்தையும்...' மவுனத்துக்கும் உரிமை கேட்ட முதல் ஆரணிக்காரன் நான்தான்.

தனசேகர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது: 'அண்ணன் வேண்டாம்னு சொல்லிட்டார்.' ஜெயித்துவிட்டோம் என்று மாஸ்டருக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவர் வாங்கி டப்பாவோடு ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் சந்தவாசலில் ஆடித் திருவிழா. வெயில் தாழ்ந்த நேரம், நல்ல கூட்டம். நான் மைக்கைப் பிடித்து, "தறி" என்று சொன்னதுதான் தாமதம், முதல் வரிசையில் இருந்தவர்கள் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து இரண்டாவது வரிசை. பிறகு மைதானம் முழுக்க முழங்கைகள்தான் தெரிந்தன.

"இன்னாங்க ஆச்சு?" என்றேன்.

முன்னால் இருந்தவர் விரலை எடுக்காமலே கத்தினார். "காதுல வுழுந்துட்டா நோட்டீஸ் வருமாமே."

"அதெல்லாம் இல்லீங்க, நீங்க கேக்கலாம்."

"சிரிக்கலாமா? அதுக்குத் தனியா எழுதி வாங்கணுமா?"

காதை அடைத்துக்கொண்டவர்கள் முன்னால் மிமிக்ரி செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் செய்தேன். இரண்டு நிமிடம். வாழ்க்கையில் என் வாயை நானே முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். சுமாராகத்தான் இருந்தது.

இதற்கிடையில் கம்பெனிக்காரர் இன்னொரு கொக்கி போட்டார். எடுத்துவிட்டால் போதாதாம். இது முழுக்க என் படைப்புதான் என்று தனசேகர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். கடையில் கேட்டேன், வீட்டில் இருக்கிறார் என்று வழி சொன்னார்கள். ஆக, மாஸ்டர் சொன்ன இடத்துக்கே, ஒரு மாசம் தாமதமாக, கையில் காகிதத்தோடு போனேன்.

தெருவில் திரும்பியதும் கால் தயங்கியது. நான் வாடகைக்கு இருந்த தெரு. என் பழைய அறையைத் தாண்டினேன். அடுத்த வாசலில் தனசேகர் நின்றிருந்தார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டக்கு, டொக்கு. டக்கு, டொக்கு.

"வாங்கண்ணா. அம்மா, அண்ணன் வந்துருக்காரு."

உள்ளே குழித்தறி. குழியில் கால்களை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து நெய்துகொண்டிருந்தவர் ஓர் அம்மாள். கஸ்தூரி என்று பெயர் பிறகு தெரிந்தது. மூலையில் ஒரு பெரியவர் ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ராட்டை இல்லை, பேப்பர் இருந்தது. அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

"நீதானா அந்த வாயி?" என்றார். பிறகு மூலைப் பக்கம் திரும்பி, "காது கேக்குதா இல்லியா? தார் தீந்துபோச்சு" என்றார்.

தார் என்றால் குறுக்கே ஓடும் நூலைச் சுற்றிய சின்னக் குழல். அதைச் சுற்றிக் கொடுப்பது பெரியவர் வேலை. அவர் அடுத்த பக்கம் புரட்டினார். டக்கு டொக்கு வேகமெடுத்தது.

"எத்தினி வாட்டி சொல்றது?"

இன்னும் வேகம்.

எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. தனசேகர் பலகை போட்டார்.

"அம்மா, தறியில உக்காந்திருந்தது... அப்பவும் நீங்கதானா?"

"பின்ன? அவருக்கு இடுப்புப் புடிச்சுகினு இருவது வருசமாவுது. குழியில எறங்கினா ஏத்தறதுக்கு நாலு ஆளு வேணும்."

"அப்ப திட்டுறதும் நீங்க, நெய்யறதும் நீங்க."

"வாயும் காலும் ஒண்ணா வேல செய்யாதா? உனக்கு வாயி மட்டுந்தான் போல."

"அந்த ரெண்டாவது சத்தம் மெலிசா விழுமே, அது அவர் மனசு உடைஞ்சு..."

"எனக்கு எடது காலு பலம் கம்மி" என்றார்.

"கடைசியில தறி நின்னுடுமே?"

"நூலு அறுந்தா நிறுத்தித்தான முடி போடணும்? அதுக்கு நீ தலைய தொங்கப்போட்டு நிப்பியாமே. எங்க தெருப் பொம்பளைங்க வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. ஆரணியில இருந்துகினு, நூலு அறுந்தத புருசன் அழுவறான்னு நெனச்சிகினான் பாருன்னு."

ஆரணிப் பெண்களின் தனிச் சிரிப்புக்கு அர்த்தம் விளங்கிவிட்டது. அவர்கள் என் ஐட்டத்துக்குச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், பத்து வருஷமாக.

தனசேகர் தயக்கமாகச் சொன்னார். "அதத்தான் அண்ணா அப்பப்ப சொல்ல வந்தேன். அம்மாவுக்கு வேலைய விட்டுட்டு நிகழ்ச்சிக்கு வர முடியாது. அவங்களுக்குப் போட்டுக் காமிக்கத்தான் டேப் எடுத்தேன். அம்மா போன் பண்ணா தெரியட்டும்னுதான் அத ரிங்டோனா வெச்சேன். கடைக்கு வந்தவங்க எல்லாம் கேட்டாங்க, குடுத்துட்டேன். தப்புதான். பேப்பரக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

என்னிடமே பேனா இருந்தது. கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரர் போன் செய்தார்.

"சார், ரொம்ப சிம்பிள். அவர் கையெழுத்துப் போடட்டும், நீங்களும் போட்டு இன்னிக்கே அனுப்பிடுங்க. ஒரே கேள்விதான். இது முழுக்க உங்க சொந்தப் படைப்புதானே?"

தம்பிகளே, சட்டப்படி எனக்கு எவ்வளவு உரிமை என்று இன்றைக்கும் தெரியாது. வக்கீல் நான் ஜெயிப்பேன் என்றுதான் சொன்னார். அந்த அம்மாளும் தடுக்கவில்லை.

"போடுடா" என்று மகனிடம் சொன்னார். "அவரு பொழப்பு. எடுத்துகினு போனது எனக்குப் பேஜார் இல்ல. தறி எல்லாருக்குந்தான் கேக்குது, செவுத்துல ஒட்டிகினா இருக்குது? ஆனா ஒண்ணு தம்பி. உன் ஒழைப்ப எம் புள்ள திருடிட்டான்னு பேப்பர் அனுப்பின. சரி. பத்து வருசமா ஊர் ஊரா போயி, நான் நெய்ததெல்லாம் இந்த மனுசன் நெய்தாருன்னு சொல்லிட்டு வந்தியே, அதுக்கு நான் யாருக்குப் பேப்பர் அனுப்பட்டும்?"

மூலையில் பேப்பர் மடிக்கப்படும் சத்தம் கேட்டது. பெரியவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நான் ஒண்ணும் எம் பேரப் போடச் சொல்லல."

போனில் கம்பெனிக்காரர், "ஹலோ, ஹலோ" என்றார். பேனா தனசேகர் கையில் இருந்தது. ஜிப்பாவும் ஐந்து ஊக்குமாக அட்டையில் நின்ற என் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. குழிக்குள் அந்த இடது காலையும் பார்த்தேன்.

"இல்லீங்க. அதுல இன்னொருத்தர் இருக்காங்க. அவங்க பேரப் போடணும்" என்றேன்.

"அவங்க யாரு, ஆர்ட்டிஸ்டா?"

"ஆமாங்க. என்னவிட சீனியர்."

அதெல்லாம் தங்கள் ஆபீஸில் சிக்கல், தறியை எடுத்துவிட்டு மற்றதைப் போடுகிறோம் என்றார். போட்டார்கள். ரயிலும் குக்கரும் குழந்தையும் கொண்ட அந்த சிடி வந்தது. எந்தப் புண்ணியவானும் அதை இன்டர்நெட்டில் ஏற்றவில்லை. திருடத் தகுந்த ஐட்டம் எது என்பது ரசிகனுக்குத் தெரிந்திருந்தது. அந்த சிடிகளை என் மனைவி கொல்லையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். வெயிலில் பளபளவென்று சுற்றும். என் முகத்தைப் பார்த்து இன்றுவரை கொய்யா மரத்துப் பக்கம் ஒரு கிளி வந்ததில்லை.

தனசேகரிடம் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். பக்கத்தின் தலைப்பில் என் பெயருக்கு மேலே அம்மா பெயரைப் போட்டார். என் பெயர் கீழே போகலாமா என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தோளைத்தான் தட்டியிருப்பேன்.

அடுத்த ஆடியில் சந்தவாசலுக்கே மறுபடி கூப்பிட்டார்கள், காதை அடைக்க ஆசைப்பட்டோ என்னவோ. மைக் முன்னால் போனேன். முதல் வரிசையில் சிலருக்கு விரல் தயாராக இருந்தது. "இந்தத் தறியில் நெய்தவர் ஆரணி கஸ்தூரி அம்மாள். நான் வெறும் சுவரு" என்றேன். விரல்கள் இறங்கின.

இந்த முறை என் வாய்த் தறியில் அம்மாளை உட்காரவைத்தேன். திட்டும் அவருடையது, மிதியும் அவருடையது. நூல் அறுந்தபோது தலையைத் தொங்கப்போடவில்லை. குனிந்து முடி போட்டேன். போட்டுக்கொண்டே, "பேப்பர்ல இன்னாதான் போட்டுருக்குது, படியேன் நானும் கேக்கறேன்" என்றேன். பெண்கள் பக்கம் சிரித்தது. அப்புறம் மைதானமே சிரித்தது.

அப்போதுதான் பார்த்தேன். முதல் வரிசையில் தனசேகர். அவர் மடியில் டேப் ரெக்கார்டர் இல்லை. பக்கத்தில் அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த கஸ்தூரி அம்மாள், மகனுடைய செல்போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்கவில்லை. நான் வழக்கம்போல வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் வேனில் ஏறாமல் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். தோளைத் தட்டவில்லை.

"எப்படிங்கம்மா இருந்துச்சு?"

அவர் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கடைசிவரை பார்த்தார்.

"மிதி பரவால்ல" என்றார். "வயித்த மட்டும் வுட்டுடு. மூச்சு வாங்கறது இதுல கேக்குது."